ஈ.பி. இல்லாத வீட்டில் டியூபுலர் பேட்டரி ஏன் சீக்கிரம் போகிறது?

6 மே 2024, திண்டிவனத்துக்காரர் கேட்டது

அண்ணா, தோட்டத்து வீட்டில் முழுக்க சோலார்தான், ஈ.பி. கிடையாது. 150 ஏஎச் (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) டியூபுலர், அதாவது குழல் தகடு வைத்த ஈய அமில பேட்டரி, நாலு போட்டிருக்கிறேன். இன்னும் மூன்று வருஷம் முடியவில்லை, ராத்திரி 2 மணிக்கே இன்வெர்ட்டர் கத்த ஆரம்பிக்கிறது. பேட்டரி கொடுத்தவர் வெயில்தான் காரணம் என்கிறார். வயரிங் செய்தவர் பேட்டரி பத்தவில்லை, இன்னும் இரண்டு சேருங்கள் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

6 மே 2024, இரவு

வெயில்தான். யோசிக்கவே வேண்டாம்.

என் கதையைக் கேளுங்கள். கரூர் மாவட்டம் க.பரமத்தி பக்கம் எங்கள் காடு. கடைசி ஈ.பி. கம்பம் ஒன்றேகால் கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது. 2018 பிப்ரவரியில் 24 வோல்ட் செட்டுக்கு 150 ஏஎச் இரண்டு வாங்கி, வீட்டுக்குள் வடக்குப் பக்க அறையில் வைத்தேன். நாலு வருஷம் ஓடின. 2022 மார்ச்சில் மாற்றும்போது, இரண்டுக்குப் பதில் நாலாகப் போட்டால் எட்டு வருஷம் வரும் என்று கணக்குப் போட்டேன். நாலுக்கு அறையில் இடம் இல்லை. மோட்டார் போட்டிருக்கும் தகரக் கொட்டகையில் வைத்தேன். இந்த மாதத்தோடு 26 மாதம். 300 ஏஎச் என்று வாங்கியதில் இப்போது 90 தேறினால் பெரிது. மேகம் போட்ட நாளில் விடியற்காலை 3 மணிக்கு ஃபேன் நிற்கிறது.

லோடு அதே லோடு, பேனலும் அதே ஒரு கிலோவாட். மாறியது தகரம் ஒன்றுதான். ஈய அமில பேட்டரிக்கு 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதி என்பது எல்லோரும் சொல்கிற கணக்கு. ஐந்து வருஷத்தில் பாதி இரண்டரை. சரியாகப் பொருந்துகிறது பாருங்கள். பேட்டரியை வீட்டுக்குள் கொண்டு போங்கள், அவ்வளவுதான்.

7 மே

இன்று கத்திரி நாலாம் நாள். வயர் முனையில் முளை இருக்கிற டிஜிட்டல் தெர்மாமீட்டரை பேட்டரியின் பக்கச் சுவரில் டேப் போட்டு ஒட்டி, மேலே ஒரு தெர்மாகோல் துண்டை வைத்து அழுத்திவிட்டேன். தெர்மாகோல் இல்லாவிட்டால் காற்றின் சூட்டைத்தான் காட்டும்.

மதியம் 3 மணி: கொட்டகைக் காற்று 47, பேட்டரி 42. மாலை 6: காற்று 40, பேட்டரி 44. இரவு 10: வெளியே 33, பேட்டரி இன்னும் 42. காலை 6 மணிக்கு 36.

ஒன்று 50 கிலோவுக்குக் குறையாது, நாலும் சேர்ந்தால் 200 கிலோவுக்கு மேல் ஈயமும் ஆசிட்டும். தோசைக்கல் மாதிரி, அடுப்பை அணைத்த பிறகும் சூடு இறங்காது. மதியம் கொட்டகை வாசலில் நின்று "காற்று வருகிறதே, பரவாயில்லை" என்று நானே இரண்டு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். பேட்டரிக்குக் காய்ச்சல் ராத்திரியில்தான்.

9 மே

திண்டிவனத்துத் தம்பி மதியம் ஹைட்ரோமீட்டரில் கிராவிட்டி (ஆசிட்டின் அடர்த்தி) பார்த்து 1.230 வருகிறது, ஃபுல் சார்ஜே ஏறவில்லை என்கிறார். தம்பி, அந்த நேரம் ஆசிட் எத்தனை டிகிரி? 42 என்றால் ஹைட்ரோமீட்டர் காட்டுவதோடு கொஞ்சம் கூட்ட வேண்டும். நம் ஊர் பேட்டரிக்கு கிராவிட்டி 27 டிகிரிக்குத்தான் எழுதியிருப்பார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.0007 கூட்டுங்கள். 15 டிகிரிக்கு 0.0105. அப்படியென்றால் உங்களுடையது 1.240. அது நல்ல சார்ஜ்தான். ஆறு செல்லும் அப்படியா, ஒன்று மட்டுமா என்று பாருங்கள்.

வெளிநாட்டு வீடியோவில் 1.265, 1.280 என்று சொல்வதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சூட்டு நாட்டுக்கு ஆசிட்டை கொஞ்சம் இளசாகவே ஊற்றித் தருகிறார்கள்.

என்னுடைய கிராவிட்டி எழுதவே கூச்சமாக இருக்கிறது. 24 செல்லில் பெரும்பாலும் 1.180, 1.190. மூன்று செல் 1.150.

14 மே

6-ஆம் தேதி எழுதியதைத் திருத்துகிறேன்.

பத்து டிகிரிக்குப் பாதி என்றால் அந்தப் பத்து டிகிரி வருஷம் முழுக்க இருக்க வேண்டும். கத்திரி வெயிலில் எடுத்த அளவை 12 மாதத்துக்கும் பூசிவிட்டேன். நேற்று ராத்திரி உட்கார்ந்து திரும்பப் போட்டேன். கொட்டகையில் பேட்டரி சூடு, இரவும் பகலும் சேர்த்துச் சராசரி: கோடை 3 மாதம் 40, நடுவில் 6 மாதம் 35, ஐப்பசி முதல் மார்கழி வரை 29 என்று வைத்துக்கொள்ளுங்கள். கோடை நான் அளந்தது, மற்றவை குத்துமதிப்பு. 27-ஐ அடிப்படையாக வைத்தால் 40-இல் தேய்மானம் 2.5 மடங்கு, 35-இல் 1.7, 29-இல் 1.15. சூட்டைச் சராசரி எடுக்கக் கூடாது, தேய்மானத்தைத்தான் எடுக்க வேண்டும். வருஷத்துக்கு ஏறக்குறைய 1.8 மடங்கு. ஐந்து வருஷ பேட்டரி 34 மாதம் வர வேண்டும்.

எனக்கு வந்தது 26. எட்டு மாதம் எங்கே?

இன்னொரு பக்கம், வடக்கு அறையில் கோடையில் 33, நடுவில் 31, மழைக்காலத்தில் 27. அதே கணக்கில் 1.3 மடங்குக்குக் கீழே, 47 மாதம். முதல் செட் ஓடியது 49. அங்கே பொருந்துகிறது, இங்கே பொருந்தவில்லை. விரல் விட்டு எண்ணும் கணக்குத்தான், அதற்காக எட்டு மாதத்தையா விழுங்கும்?

15 மே

எட்டு மாதம் எங்கே என்று வீட்டம்மாவிடம் புலம்பினேன். "ரெண்டு பேட்டரி இருந்தப்ப ராத்திரி பிரிட்ஜை யாரு நிறுத்திட்டுப் படுத்தா?" என்று கேட்டுவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார்.

மறந்தே போனேன். பழைய செட்டில் 10 மணி ஆனால் பிரிட்ஜ் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் படுப்போம். நாலு பேட்டரி வந்ததும் "இனி என்ன, ராஜா மாதிரி ஓட்டலாம்" என்று சொன்னது நான்தான். "லோடு அதே லோடு" என்று இங்கே எழுதியவனும் நான்தான்.

19 மே

கொஞ்சம் நீளமாகப் போகும்.

காகிதத்தில் என் ராத்திரிச் செலவு: பிரிட்ஜ் அரை யூனிட், 30 வாட் ஃபேன் இரண்டு பத்து மணி நேரம் 0.6 யூனிட், விளக்கு 0.1. மொத்தம் 1.2 யூனிட், 24 வோல்ட்டில் 50 ஏஎச். நாலு பேட்டரியில் ஆறில் ஒரு பங்கு. இதைத்தான் இரண்டு வருஷமாக நம்பியிருந்தேன்.

அளந்து பார்க்க கிளாம்ப் மீட்டர் எடுத்துக்கொண்டு போனால் பூஜ்யம் காட்டியது. சாதாரண கிளாம்ப் டிசியை அளக்காது, அதற்குத் தனியாக இருக்கிறது. மச்சினனிடம் டிசி கிளாம்ப் வாங்கி ஒரு ராத்திரி மணிக்கொரு தரம் எழுந்து போனேன். பிரிட்ஜ் ஓடும்போது ஒரு அளவு, நின்றிருக்கும்போது ஒரு அளவு. கூட்டிக் கழித்தால் ஒன்றும் தேறவில்லை, தூக்கம் போனதுதான் மிச்சம். அப்புறம் ஷன்ட் (வழியில் போகிற கரண்டை அளக்க உதவும் பட்டை) வைத்த மீட்டர் ஒன்று வரவழைத்து நெகட்டிவ் லைனில் மாட்டினேன். எங்கும் எழுந்து போகாமல் கணக்கு வந்தது. ராத்திரிக்கு 76 ஏஎச்.

எப்படி 50 என்பது 76 ஆனது? இன்வெர்ட்டர் சும்மா நிற்பதற்கே என்னுடையது 35 வாட் தின்கிறது. மாலை 5 முதல் காலை 7 வரை 14 மணி நேரத்துக்கு 20 ஏஎச். டிசியை ஏசி ஆக்குவதில் போகிற பத்து பர்சென்ட் இன்னொரு 6. இரண்டையும் காகிதத்தில் நான் எழுதவே இல்லை. பிரிட்ஜை அணைத்த பழைய காலத்தில் ராத்திரிக்கு 52 அல்லது 54 போயிருக்கும்.

இனி வருமானம். பேனல் 1000 வாட் என்பது செல் 25 டிகிரியில் இருக்கும்போது. எங்கள் ஊர் வெயிலில் பேனலின் முதுகைத் தொட முடியாது, 60-க்கு மேல். சூடு ஏற ஏற டிகிரிக்கு 0.4 பர்சென்ட் இறங்கும், அதிலேயே 14 பர்சென்ட் போயிற்று. தூசி, வயர் என்று எல்லாம் கழித்து உச்சி வெயிலில் என்னுடையது 750 வாட் தாண்டாது. நல்ல வெயில் நாள் ஒன்றுக்கு 3.75 யூனிட், அதாவது 144 ஏஎச். பகல் லோடு அதில் 58 தின்னும். மிச்சம் 86.

ராத்திரி எடுத்த 76-ஐத் திருப்பி வைக்க 76 போதாது. ஈய அமிலத்தில் எடுத்ததை விட 15 பர்சென்ட் கூடுதலாக ஊற்ற வேண்டும். 87.

வரவு 86, செலவு 87. நல்ல வெயில் நாளில்!

இப்படி இருந்தால் பேட்டரி ஒருநாளும் நிறையாது. ஐப்பசியில் ஒரு வாரம் மேகம் மூடினால் போன சார்ஜை மீட்க மிச்சம் என்று எதுவும் இல்லை. பங்குனி வெயில் வரை அரைகுறையிலேயே கிடந்திருக்கிறது. அரைகுறையில் மாதக்கணக்கில் கிடக்கிற ஈயத் தகட்டில் சல்பேட் கெட்டிப்படும். அப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் கரையாது. பழைய இரண்டு பேட்டரிக்கு இதே பேனலில் நாளொன்றுக்கு 25 ஏஎச் மிஞ்சியது, அதனால்தான் பிழைத்தன.

கிணற்றில் ஊற்று அதேதான், தொட்டியை மட்டும் இரண்டு மடங்காகக் கட்டினேன்.

இன்னொன்று. சின்ன செட் காசு தீர்ந்ததும் கத்தும். கத்தினால் எதையாவது அணைப்போம். பெரிய செட் கத்தவில்லை. மூன்று மாதம் மெதுவாக இறங்கிக்கொண்டே போகும், நமக்குத் தெரியாது.

20 மே

அவினாசிக்காரர் ஒருவர் கேட்கிறார்: ஆம்பியர் அளவு எவ்வளவு இருக்க வேண்டும்? டியூபுலருக்கு வழக்கமாகச் சொல்வது சி10 அளவில் (10 மணி நேரத்தில் எடுத்தால் தருகிற ஏஎச்) பத்தில் ஒன்று. 150 ஏஎச் என்றால் 15 ஆம்பியர், 300 என்றால் 30. எனக்கு உச்சி வெயிலில் லோடு போக 22 ஆம்பியர். 300-க்கு அது 7 பர்சென்ட், 150-க்கு 15. கரண்ட் குறைவாக இருந்தால் குமிழி வந்து ஆசிட் கலங்காது. கனமான ஆசிட் அடியில் தங்கும், மேலே தண்ணீர் மாதிரி நிற்கும். தகட்டின் கீழ்ப்பாதி ஒரு மாதிரியும் மேல்பாதி ஒரு மாதிரியும் கெடும். என் 1.180-இல் பாதி இந்தக் கூத்தாக இருக்கலாம், ஹைட்ரோமீட்டர் மேலே இருப்பதைத்தானே உறிஞ்சும்.

அப்புறம் வாங்கும்போது சி10-ஆ சி20-ஆ என்று பாருங்கள். 20 மணி நேரத்தில் மெதுவாக எடுத்தால் 150 தருகிற பேட்டரி, 10 மணி நேரத்தில் எடுத்தால் அவ்வளவு தராது. கரண்ட் கட்டுக்கு வைக்கிற இன்வெர்ட்டர் பேட்டரியில் பெரும்பாலும் சி20 எழுதியிருக்கும்.

24 மே

சமன் சார்ஜ், அதாவது எல்லா செல்லும் ஒரே அளவுக்கு வர வேண்டுமென்றே கூடுதலாக ஏற்றுகிற சார்ஜ், கொடுத்துப் பார்த்தேன். விடியற்காலை பேட்டரி 34 டிகிரியில் இருக்கும்போது ஆரம்பித்து, மூடியெல்லாம் கழற்றி, கொட்டகைக் கதவைத் திறந்து போட்டு, இன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு, ஜெனரேட்டரும் சார்ஜரும் வைத்து 31 வோல்ட். பீடி, தீப்பெட்டி எதுவும் அந்தப் பக்கம் வரக் கூடாது. வருவது ஹைட்ரஜன், காற்றில் 4 பர்சென்ட் சேர்ந்தாலே வெடிக்கும். பேட்டரி 46 தொட்டதும் நிறுத்தினேன். மொத்தம் மூன்று நாள்.

1.190 எல்லாம் 1.215 வரை வந்தது. அந்த மூன்று செல் அசையவே இல்லை. செத்ததுதான்.

2 ஜூன்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். மானக்கேடு.

பேனலிலிருந்து பேட்டரிக்கு ஏறுவதை ஒழுங்குபடுத்துகிற சார்ஜ் கண்ட்ரோலரை எங்கே மாட்டியிருக்கிறேன் என்று யாரும் கேட்கவில்லை. கொட்டகையின் மேற்குச் சுவரில், தகரத்துக்கு ஒரு அடி கீழே. அது நல்ல கண்ட்ரோலர். சூட்டைப் பார்த்து வோல்ட்டை ஏற்றி இறக்கும். ஆனால் என்னுடையதில் சென்சார் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. பேட்டரியில் ஒட்டுகிற சென்சார் வயர் தனியாக வாங்க வேண்டும், நான் வாங்கவில்லை. 400 ரூபாய் மிச்சம் பிடித்தேன்.

மதியம் 2 மணிக்குத் திரையைப் பார்த்தேன். பேட்டரி சூடு 55 என்று காட்டுகிறது. பேட்டரி அப்போது 41-இல் இருக்கிறது. 24 வோல்ட் செட்டில் 25-க்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 48 மில்லிவோல்ட் குறைக்கும்படி வைத்திருக்கிறார்கள். 28.8 வர வேண்டிய இடத்தில் அது 27.4-இல் நிறுத்திவிட்டு "ஃபுல்" என்று பச்சை விளக்கு காட்டிக்கொண்டிருந்தது. 41 டிகிரிக்கு நியாயமாக 28.0 போக வேண்டும். 0.6 வோல்ட் சின்னதாகத் தெரியும், ஆனால் கடைசி 15, 20 பர்சென்ட் சார்ஜ் ஏறுகிற இடமே அதுதான்.

அதாவது மேலே 19-ஆம் தேதி வரவு 86 என்று எழுதினேனே, அதுகூட முழுசாகப் போகவில்லை.

"அப்படியென்றால் அந்தக் குறைப்பையே எடுத்துவிடலாமே" என்று கேட்டு எழுதாதீர்கள். 42 டிகிரியில் 28.8 கொடுத்தால் தண்ணீர் கொதிக்கிற மாதிரி வாயு போகும், பாசிட்டிவ் தகட்டின் முள் அரிக்கும். குறைக்க வேண்டும், ஆனால் பேட்டரியின் சூட்டைப் பார்த்துக் குறைக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரனுக்குக் காய்ச்சல் என்று நமக்கு மாத்திரை கொடுத்த கதைதான் இது.

3 ஜூன்

ஒருவர் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. "சூடு கெடுதல் என்கிறீர்கள், ஆனால் கோடையில்தானே என் பேட்டரி கூடுதல் நேரம் ஓடுகிறது?"

உண்மைதான். சூட்டில் உள்ளே வேதிவினை சுறுசுறுப்பாக நடக்கும், அன்றைய பேக்கப் கூடும். அதே சுறுசுறுப்பில்தான் அரிப்பும் நடக்கும். வினையின் வேகம் சூட்டோடு எப்படி ஏறும் என்று கணக்குச் சொன்னவர் ஸ்வீடன்காரர் அரீனியஸ், 1903-இல் வேதியியலுக்கு நோபல் வாங்கியவர். பத்து டிகிரிக்கு இரண்டு மடங்கு என்கிற நம் வாய்ப்பாடு அவர் கணக்கின் வால்தான். குளிரில் தலைகீழ். பேக்கப் குறையும், பேட்டரி நாள்பட இருக்கும்.

11 ஜூன்

முடிவுக்கு வந்தாயிற்று. திரும்ப இரண்டே இரண்டு 150 ஏஎச், பேனல் மட்டும் கூட இரண்டு. மொத்தம் ஒன்றரை கிலோவாட். பேட்டரி வடக்கு அறைக்குத் திரும்புகிறது, ஜன்னல் மேலே ஒரு ஓட்டை, கீழே ஒரு ஓட்டை. கண்ட்ரோலரும் அங்கேதான், சென்சார் வயரோடு.

கடைக்காரர் கேலி செய்தார். "இரண்டு போட்டால் தினமும் பாதி வரை இறங்கும், ஆயுள் குறையும், நாலு போடுங்கள்." அவர் பக்க நியாயத்தையும் பார்ப்போம். பேட்டரியோடு வருகிற சீட்டில் வழக்கமாக இருப்பது: 80 பர்சென்ட் எடுத்தால் 1500 முறை, 50 எடுத்தால் 3000, 20 எடுத்தால் 5000. நான் இரண்டு பேட்டரியில் 50 எடுப்பேன். 3000 முறை என்றால் எட்டு வருஷம். நாலு பேட்டரி என்றால் 25 எடுப்பேன், 4500 முறை என்று வைத்தாலும் பன்னிரண்டு வருஷம்.

எங்கள் ஊர் வெயிலில் பன்னிரண்டு வருஷம் நின்ற டியூபுலரை யாராவது பார்த்திருக்கிறீர்களா? வடக்கு அறையிலேயே நாலு வருஷத்தில் அரிப்பு முடித்துவிடுகிறது. எட்டு வருஷச் சுழற்சியையே நான் பயன்படுத்தி முடிக்கப் போவதில்லை, பன்னிரண்டுக்கு எதற்கு இன்னொரு முப்பதாயிரம்? இரண்டு பேனலுக்கு அதில் பாதிகூட ஆகவில்லை. பேனலும் வெயிலில் கொஞ்சம் சோரும்தான், ஆனால் நாலு வருஷத்தில் சாகாது.

ஆழமாக இறக்குவது நல்லது என்று சொல்லவில்லை. இன்வெர்ட்டரின் கட் வோல்ட்டை 21-இலிருந்து 23-க்கு ஏற்றிவிட்டேன்.

12 ஜூன்

தண்ணீர் பற்றி நாலு பேர் கேட்டாயிற்று. டிஸ்டில்டு வாட்டர் மட்டும். ஆர்.ஓ. தண்ணீர் வேண்டாம், கூரையில் பிடித்த மழைத்தண்ணீர் வேண்டாம், ஏ.சி.-யில் சொட்டுகிற தண்ணீரும் வேண்டாம். கொட்டகையில் கோடையில் 20 நாளுக்கு ஒருமுறை ஊற்றினேன். அறையில் இரண்டு மாதம் தாங்கும் என்று பழைய நோட்டில் எழுதியிருக்கிறது.

28 ஜூலை

"லித்தியம் போட்டால் இந்தத் தலைவலி எதுவுமே இல்லையே" என்று மச்சினன் வாரம் ஒருமுறை போன் செய்கிறான்.

பாதி சரி. எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி) அரைகுறை சார்ஜில் கிடந்தால் சல்பேட் ஆகாது, அதற்கு அரைகுறைதான் பிடிக்கும். 15 பர்சென்ட் கூடுதலாக ஊற்ற வேண்டியதில்லை. ஆனால் சூட்டுக்கு அதுவும் விலக்கில்லை. 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் போடாதே என்று பல சீட்டில் போட்டிருக்கிறது, சிலதில் 55. கோடை மதியம் ஃபுல் சார்ஜில் நாலு மணி நேரம் சூடாக உட்கார்ந்திருப்பதுதான் அதற்கு ஆகாது. சோலார் வீட்டில் தினமும் நடப்பதே அது. மேல் வோல்ட்டைக் கொஞ்சம் இறக்கி 90 பர்சென்ட்டில் நிறுத்தினால் நல்லது. என் தகரக் கொட்டகையில் லித்தியத்தை வைத்திருந்தால் நாலு மடங்கு விலைக்கு இதே புலம்பலை எழுதியிருப்பேன்.

அடுத்த முறை வாங்கலாம். இந்த முறை கையில் இல்லை.

3 டிசம்பர்

ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கம் கரை ஏறியது. விழுப்புரம் மாவட்டம் பட்ட பாடு தெரியும், திண்டிவனத்துத் தம்பி இரண்டு நாள் பதில் போடவில்லை என்றதும் கவலையாகத்தான் இருந்தது. இன்று எழுதியிருக்கிறார், வீடு பரவாயில்லை. பேனல் நாளுக்கு அரை யூனிட்கூடத் தரவில்லையாம். நாலு பேட்டரியில் மூன்று ராத்திரி விளக்கும் போன் சார்ஜும் ஓட்டியிருக்கிறார். "அண்ணா, நீங்கள் சொன்னபடி இரண்டாகக் குறைத்திருந்தால் இருட்டில் உட்கார்ந்திருப்பேன்."

நியாயம். இந்த இடத்தில் நான் என் காட்டை வைத்து எல்லோருக்கும் பேசிவிட்டேன். இங்கே சேர்ந்தாற்போல மூன்று நாள் சூரியன் இல்லாமல் போவது வருஷத்தில் ஒன்றோ இரண்டோ தடவை. பிரிட்ஜை அணைத்தால் சமாளித்துவிடுவேன். கடலோரத்தில் புயலுக்கு இரண்டு மூன்று நாள் கையிருப்பு வேண்டும். அங்கே நாலு பேட்டரி ஆடம்பரமில்லை. ஆனால் நாலு வைத்தால் நாலுக்கும் 30 ஆம்பியர் ஊட்டுகிற அளவு பேனல் இருக்கட்டும். தம்பியிடம் இருப்பது 800 வாட். அவருடைய மூன்று வருஷக் கணக்கு அங்கேதான் இடிக்கிறது என்று இப்போதும் நினைக்கிறேன். வயரிங் செய்தவர் சொன்ன இன்னும் இரண்டு பேட்டரி மட்டும் வேண்டாம்.

என்னுடையது: 1-ஆம் தேதி 1.1 யூனிட், 2-ஆம் தேதி 1.6, இன்று வெயில் எட்டிப்பார்த்து 4-க்கு மேல். நாளை மாலைக்குள் நிறைந்துவிடும். போன வருஷம் இதே மாதம் இறங்கியது பங்குனி வரை ஏறவில்லை.

12 ஜனவரி 2025

ஊட்டி, தலைக்குந்தா பக்கத்திலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். உறைபனி நாளில் காலை 9 மணி வரை எல்எஃப்பி பேட்டரி சார்ஜ் ஏற்க மாட்டேன் என்கிறது, கெட்டுவிட்டதா என்று.

கெடவில்லைங்க, நல்ல பேட்டரி. பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் போட்டால் லித்தியம் உலோகமாகவே உள்ளே படிந்துவிடும், திரும்பாது. அதனால் பிஎம்எஸ் (பேட்டரிக்குள் காவலுக்கு இருக்கிற சர்க்யூட்) கதவைச் சாத்துகிறது. எடுப்பதற்குத் தடை இருக்காது, அதனால்தான் ராத்திரி விளக்கு எரிந்தது. பேட்டரியை வெளி ஷெட்டிலிருந்து சமையலறையை ஒட்டிய சுவர்ப் பக்கம் வையுங்கள், சுற்றி தெர்மாகோல் பெட்டி. நாங்கள் இங்கே வடக்குச் சுவரைத் தேடுகிறோம், நீங்கள் அடுப்புச் சுவரைத் தேட வேண்டியிருக்கிறது.

26 ஜனவரி

மூன்று நாளாக கண்ட்ரோலர் திரையில் பேட்டரி சூடு 25 என்றே நிற்கிறது. காலையிலும் 25, மதியமும் 25. தை மாதம்தானே, அறை நன்றாகக் குளிர்ந்திருக்கிறது என்று முதல் நாள் பெருமைப்பட்டேன்.

இன்று டிஸ்டில்டு வாட்டர் ஊற்றப் போனபோது பார்த்தால் சென்சார் வயரை எலி கடித்துத் துண்டாக்கி வைத்திருக்கிறது. சென்சார் கிடைக்கவில்லை என்றால் இந்த கண்ட்ரோலர் தானாக 25 என்று வைத்துக்கொள்ளும் போல. தெர்மாமீட்டரில் 29. நல்லவேளை, கோடையில் கடிக்கவில்லை.

புது வயரை அரை இஞ்ச் பிவிசி பைப்புக்குள் விட்டிருக்கிறேன். கிராவிட்டி 12 செல்லில் பதினொன்று 1.240-க்கு மேல், நாலாவது செல் மட்டும் 1.235. மாசியில் மறுபடி பார்த்துவிட்டு எழுதுகிறேன்.